நின்னுவாங்கி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது.

சினிமாக் கம்பெனி, சாரக்காரரின் மனைவிக்குத் தர வேண்டிய பாக்கி அது. நாளுக்கு அறுநூற்று ஐம்பது ரூபாய் வீதம், மூன்று நாள் பிணமாக நடந்ததற்கான கூலி. நடந்தவள் இப்போது இல்லை. நிஜமாகவே போய்ச் சேர்ந்து ஆறு வாரமாகிவிட்டது.

அந்தக் காசைக் கேட்டு அவர் மூன்றாவது முறையாக வந்திருந்தார். பிற்பகல் மூன்று மணி இருக்கும். மூடிக்கிடந்த ஆஸ்பத்திரியின் வாசலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, சட்டையில் ஒட்டியிருந்த சிமெண்ட் தூசியைத் தட்டிக்கொண்டு உள்ளே போனார். கட்டடம் எழும்பும் இடங்களில் கம்பு நட்டு, கயிறு கட்டி, பலகை போட்டு, மற்றவர்கள் ஏறி நிற்க வழி செய்து கொடுப்பது அவர் தொழில். யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சாரக்காரரே என்றால் திரும்பிப் பார்ப்பார்.

அந்த ஆஸ்பத்திரி மூடி ஒன்பது வருடம். நோயாளிகள் போய்விட்டாலும் பினாயில் வாசனை போகவில்லை. அதற்கு மேல் இப்போது வேறொரு வாசனை ஏறியிருந்தது. சர்க்கரைப் பாகில் சிவப்புச் சாயம் கலந்து சினிமாக்காரர்கள் காய்ச்சிய ரத்தம், நாள்பட்டுப் புளித்துப்போன வாசனை. சுவரெல்லாம் ரத்தம். ரத்தமெல்லாம் எறும்பு. ஒரு கை இழுத்த தடத்தின் மேலேயே ஐந்து விரலாகப் பிரிந்து எறும்புகள் ஊர்ந்துகொண்டிருந்தன.

முன்கூடத்தில் 'பணம் செலுத்துமிடம்' என்று எழுதிய கண்ணாடித் தடுப்பு. அதில் கை நுழையும் அளவுக்கு அரைவட்டமாக ஒரு துவாரம். கம்பெனி மேனேஜர் அதற்குப் பின்னால்தான் மேசை போட்டிருந்தார். சாரக்காரர் துவாரத்துக்கு நேராகப் போய் நின்றார். நின்றதும் ஏனோ சட்டென்று அரையடி தள்ளி நின்றுகொண்டார். வரிசையில் முன்னால் நிற்பவரை இடித்துவிட்டால் விலகுவோமே, அப்படி.

முன்னால் யாரும் இல்லை.

"வாங்க பெரியவரே, மறுபடியுமா?"

"நீங்க குடுத்துட்டா நான் ஏன் சார் வரப்போறேன்? எனக்கு என்ன, இந்த எறும்பு மேலயா ஆசை?"

"குடுக்க மாட்டேன்னா சொன்னேன்? ஆதாரம்தானே கேட்டேன்" என்றார் மேனேஜர். முகத்தில் நாலு நாள் தாடி. "கேமராக்காரனுக்கு வாடகை பாக்கி. கட்டடத்துக்காரனுக்குப் பாக்கி. டைரக்டர் போன எடுக்கறதே இல்ல. நான் ஒருத்தன்தான் எல்லார்கிட்டயும் திட்டு வாங்கிக்கிட்டு உக்காந்திருக்கேன்."

அவர் சொன்னதிலும் பொய் இல்லை. ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்ததற்கு அந்தக் கம்பெனியில் ரசீது கிடையாது. நடித்தவர்களில் பாதிப் பேருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. தெரிந்தவர்களும் பிறகு 'இது என் கையெழுத்தே இல்லை' என்று நின்றால் என்ன செய்வது? அதனால் ஆறாம் நாள் மாலை ஒவ்வொருவரையும் இந்தத் தடுப்புக்கு முன்னால் கேமரா பார்க்க நிறுத்தி, காசைக் கையில் விசிறிபோல விரித்துப் பிடிக்கச் சொல்லி, தன் எண்ணையும் வேலை செய்த நாட்களையும் சொல்லி 'வாங்கிக்கிட்டேன்' என்று சொல்லச் சொன்னார்கள். அந்தப் படம்தான் ரசீது. முப்பது பிணங்களில் இருபத்தொன்பது பிணங்கள் அப்படிச் சொல்லிவிட்டுப் போயின. பதினேழாம் எண் மட்டும் வரவில்லை.

"வருகை நோட்டு மேல ரெண்டாம் நாளே ஒரு வாளி ரத்தம் கவுந்துடுச்சு" என்றார் மேனேஜர். "எடுத்த படத்தப் பாத்துத்தான் முடிவு பண்ணணும். எத்தன நாள் படத்துல இருக்காங்களோ அத்தன நாளுக்குக் காசு. இதுக்கு மேல நியாயம் ஏது? ஆனா முப்பது பொணத்துல உங்க சம்சாரம் எதுன்னு நீங்கதான் காட்டணும். அந்த மாவுப் பசையப் பூசினப்புறம் பெத்த தாய்க்கே அடையாளம் தெரியாது."

"பெத்தவளுக்குத் தெரியாம இருக்கலாம் சார். கட்டினவனுக்குத் தெரியும்."

மேனேஜர் எழுந்து வந்து அவரை உள்ளே அழைத்துப் போனார்.

*

அவள் சித்தாள். செங்கல்லும் கலவையும் சுமந்தே இருபத்திரண்டு வருடம். கட்டட வேலை குறைந்துபோயிருந்த ஒரு மாதத்தில், கூலி ஆட்கள் காலையில் கூடி நிற்கும் முனைக்கு டைரக்டரே வந்து கேட்டார். செத்து எழுந்து வருகிறவர்களாக, ஜாம்பிகளாக நடிக்க ஆள் வேண்டும், தளர்ந்து, காலை இழுத்து நடக்கத் தெரிந்தால் போதும் என்றார்.

"எட்டு மணி நேரம் கல்லு சுமந்துட்டு நாங்க வீட்டுக்குப் போறத வந்து பாருங்க சார்" என்றாளாம் அவள். "தனியா நடிக்க வேணாம்."

மற்றப் பெண்கள் கொல்லென்று சிரித்தார்களாம். டைரக்டர் சிரிக்கவில்லை. அன்று மாலை நிஜமாகவே வந்து ஒரு கட்டடத்துக்கு எதிரே நின்று பார்த்துவிட்டு, முப்பது பேரையும் அங்கேயே அமர்த்திக்கொண்டார்.

அவளுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. நின்னுவாங்கி. எந்த மேஸ்திரியிடமும் அவள் கூலியை வாய்விட்டுக் கேட்டதில்லை, சண்டை போட்டதில்லை. வேலை முடிந்ததும் கை கால் கழுவிக்கொண்டு, கூலி கொடுக்கிறவர் முன்னால் போய், இரண்டு கையையும் வயிற்றின் மேல் கோத்தபடி நிற்பாள். அவ்வளவுதான். அவர் பார்க்காததுபோல இருந்தால் தொண்டையை ஒரு தடவை மெல்லச் செருமுவாள். மழை வந்தாலும், இருட்டினாலும், மேஸ்திரி மேல்மாடிக்கே போய்விட்டாலும் நிற்பாள். காசு கைக்கு வந்ததும் கட்டைவிரலை நாக்கில் தொட்டு இரண்டு முறை எண்ணுவாள். "சரியா இருக்கு" என்பாள். பிறகுதான் வீடு.

இருபத்திரண்டு வருடத்தில் ஒரே ஒரு கூலி நாளில்தான் அவள் காசு வாங்காமல் வீட்டுக்கு வந்தாள்.

*

ஆஸ்பத்திரியின் பழைய எக்ஸ்ரே அறையில் ஜன்னல் கிடையாது. பட்டப்பகலிலும் கும்மிருட்டு. அதனாலேயே எடிட்டிங்குக்கு அதைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஈயத்தகடு அடித்த கனமான கதவு. உள்ளே இரண்டு திரைகளின் வெளிச்சத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். எடிட்டர். தூங்கிப் பல நாள் ஆன கண்கள்.

"பதினேழாம் நம்பரோட வீட்டுக்காரர்" என்றார் மேனேஜர்.

அவள் கை சுட்டுக்கொண்டதுபோல விசைப்பலகையிலிருந்து விலகியது. சாரக்காரர் அதைக் கவனித்தார், ஆனால் ஒன்றும் தோன்றவில்லை.

"உக்காருங்கய்யா" என்று ஒரு முக்காலியை இழுத்துப் போட்டாள். "கதை தெரியுமா உங்களுக்கு? ஊரே செத்து எழுந்து நடக்குது. ஒருத்தன் மட்டும் கேமராவத் தூக்கிக்கிட்டு ஓடறான். கடைசியில அவனும் செத்துடறான். அந்தக் கேமரா மட்டும் கிடைக்குது. அதுல இருந்ததத்தான் நாம பாக்கறோம்."

"கேமராவ யாரும்மா தொலைச்சது?"

"யாரும் தொலைக்கலங்கய்யா. தொலைச்ச மாதிரி எடுக்கறோம்."

"அப்பக் கண்டெடுத்தது?"

"அதுவும் மாதிரிதான்."

அவள் படத்தை ஓடவிட்டாள்.

"இந்தக் கேமரா ஆடுதே?"

"ஆடினாத்தான் செலவு கம்மி" என்று பின்னாலிருந்து மேனேஜர் பெருமூச்சு விட்டார்.

முதல் நாள் எடுத்த படம் அது. நீளமான நடைவழி. மூச்சிரைப்பு. நடையின் கோடியில் பிணங்கள் திரும்பின. வெள்ளை பூசிய முகங்கள், கருத்த கண்குழிகள், வாயெல்லாம் சிவப்பு. எல்லாம் கையை முன்னால் நீட்டிக்கொண்டு தள்ளாடி வந்தன.

ஒரு பிணம் மட்டும் ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கி, இல்லாத எதையோ பிடித்துக்கொண்டு வந்தது.

'யாரது, கைய இறக்கும்மா!' என்று டைரக்டரின் குரல் கத்தியது. பிணம் சட்டென்று கையை இறக்கியது. நாலு எட்டு வைத்தது. கை தானாக மறுபடி தலைக்கு மேல் ஏறிவிட்டது.

சாரக்காரர் சிரித்துவிட்டார். சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாக மாறியது. தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டார்.

"அந்தா. அவதான்" என்றார் கொஞ்சம் கழித்து. "தலையில கலவைச் சட்டி விழுந்துடும்னு பிடிக்கறா. இடது தோள் ரெண்டு விரக்கடை எறங்கி இருக்கும் பாருங்க. ராத்திரி தூங்கறப்பகூட அந்தத் தோள் எறங்கித்தான் இருக்கும்."

ஆறு வாரத்துக்குப் பிறகு அவள் அசைவதை இப்போதுதான் பார்க்கிறார். வீட்டில் அவள் படம் என்று இருப்பது அடையாள அட்டையில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒன்று. திருட்டுக் கேசில் பிடித்துவந்து எடுத்ததுபோல இருக்கும். இதில் அவள் நடந்தாள். முகத்தில் அரிப்பெடுத்துச் சொறிந்தாள். இரண்டாம் நாள் படத்தில், செத்துக் கிடக்க வேண்டிய இடத்தில் நிஜமாகவே தூங்கிப்போயிருந்தாள். மூன்றாம் நாள் ஒரு கதவை எல்லாரும் சேர்ந்து தள்ள, இவள் மட்டும் தள்ளுகிறவர்களில் யாரோ கூட்டிவந்த குழந்தை ஒன்றை நசுங்காமல் ஓரமாக இழுத்து நிறுத்தினாள்.

"மூணு நாள்" என்றார் மேனேஜர். "எனக்குத் திருப்திதான் பெரியவரே. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது. பெட்டிய எடுத்துட்டு வரேன்."

"சார், இருங்க" என்றாள் எடிட்டர்.

குரல் தாழ்ந்திருந்தது.

"ஐயா, இவங்கதான் பதினேழுன்னா... நாலாம் நாளும் இருக்காங்களே?"

"இருக்க முடியாதும்மா" என்றார் சாரக்காரர். "நாலாம் நாள் விடியக்காலையிலதான் போனா. வேலைக்குப் பொறப்பட்டு, செருப்பு மாட்டக் குனிஞ்சவ நிமிரல."

எடிட்டர் ஒரு பொத்தானை அழுத்தினாள்.

அதே முன்கூடம். மூலையில் எண்கள் ஓடின. நாலாம் நாள், காலை பத்து இருபது. அந்த நேரத்தில் தான் எங்கே இருந்தோம் என்று சாரக்காரருக்குத் தெரியும். மண்வெட்டியை யாரிடமோ வாங்கி, குழிக்குள் முதல் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தார்.

பிணங்கள் இடமிருந்து வலமாகப் போயின. ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து.

கடைசிப் பிணமும் போன பிறகு, பணம் செலுத்துமிடத்துக்கு முன்னால் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள்.

முதுகுதான் தெரிந்தது.

இடது தோள் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது.

முகத்தில் பசை இல்லை, உடம்பில் ரத்தம் இல்லை. கழுவி முடித்த கைகள். வயிற்றின் மேல் கோத்திருந்தாள் என்பது பின்னாலிருந்தே தெரிந்தது.

"அஞ்சாம் நாள்" என்றாள் எடிட்டர். கேமரா ஓடியது, விழுந்தது, எழுந்தது. அது எந்தப் பக்கம் திரும்பினாலும், முன்கூடம் கண்ணில் படும்போதெல்லாம் அவள் அங்கே நின்றாள். பிணங்கள் அவளை இடிக்காமல் ஆற்றுநீர் கல்லைச் சுற்றுவதுபோலச் சுற்றிப் போயின. சுற்றிப் போகிறோம் என்பதே அவர்களுக்குத் தெரிந்ததாகத் தெரியவில்லை.

"ஆறாம் நாளும் இப்படித்தான். நடிக்கத் தெரியாத யாரோ குறுக்க நிக்கறாங்கன்னு நான் தினம் திட்டிக்கிட்டிருந்தேன். எங்க வெட்டினாலும் அடுத்த ஷாட்ல நிக்கறாங்க. காசு வாங்காதது பதினேழு மட்டும்தான்னு தெரிஞ்சப்புறம்தான் எனக்குச் சந்தேகம்." அவள் அடுத்த படத்தைப் போட்டாள். "இது ஆள் இல்லாத ஷாட். எல்லாரையும் வெளிய அனுப்பிட்டு, கூடத்தோட வெறும் சத்தத்த மட்டும் ரெண்டு நிமிஷம் எடுப்போம். பின்னாடி தேவைப்படும்னு."

வெறும் கூடம்.

வெறும் கூடம் இல்லை.

எங்கோ நீர் சொட்டியது. குழல்விளக்கு ரீங்கரித்தது. ஒரு நிமிடம் வரை வேறொன்றும் கேட்கவில்லை.

பிறகு, மெல்ல, ஒரே ஒரு தடவை, யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

மேனேஜர் பாய்ந்துபோய் ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கினார். அறை ஊமையானது.

க்ஹும்.

இப்போது அது கதவுக்கு வெளியே, முன்கூடத்திலிருந்து வந்தது.

*

"சார், யாரையாவது வெளிய..." என்றாள் எடிட்டர்.

"யாரும் இல்ல. நாம மூணு பேருதான்." மேனேஜர் சாரக்காரர் பக்கம் திரும்பினார். "பெரியவரே, ஆறு நாள் காசாவே குடுத்துடறேன். மூவாயிரத்துத் தொள்ளாயிரம். எப்பாடு பட்டாவது குடுத்துடறேன். வாங்கிக்கிட்டு... அவங்கள..."

"மூணு நாள்தான் சார் அவ வேல செஞ்சா" என்றார் சாரக்காரர். அவருக்கும் பயம்தான். ஆனால் பயத்துக்கும் மேலே வேறொன்று இருந்தது. "கூடக் குடுத்தீங்கன்னா அதத் திருப்பிக் குடுக்கறதுக்கு நிப்பா."

அவர் திரையைப் பார்த்தபடியே பேசினார்.

"மூணாம் நாள் சாயங்காலம் நான்தான் கூட்டிட்டுப் போக வந்தேன். இந்தக் கண்ணாடி முன்னாடிதான் நின்னுட்டிருந்தா. நீங்க உள்ள போன்ல இருந்தீங்க. மூணு நாளைக்கு ஒருக்கா காசுன்னுதான் மொதல்ல பேச்சு. அப்புறம் எல்லாருக்கும் ஆறாம் நாள்தான் காசுன்னு மத்தவங்க சொல்லிட்டுப் போயிட்டாங்க. இவ நவுரல. எனக்கு அன்னிக்கு ரெண்டாள் வேல. பசி. 'வா, உன் காசு எங்க ஓடிடப் போகுது'ன்னு கத்தினேன். 'கொஞ்சம் இருங்க, இப்பத் திரும்பிப் பாத்துடுவாரு'ன்னா. நான் கேக்கல. மணிக்கட்டப் பிடிச்சு இழுத்துட்டே வந்துட்டேன்."

மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டார்.

"வழியெல்லாம் ஒரு வார்த்த பேசல. சைக்கிள்ல பின்னாடி உக்காந்திருந்தவளுக்குக் கனமே இல்ல. அன்னிக்கு நான் அத யோசிக்கல. ராத்திரி, 'எதையோ விட்டுட்டு வந்துட்ட மாதிரி இருக்குங்க'ன்னா. 'தூங்கு'ன்னேன்."

துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"விட்டுட்டு வந்தது அவளத்தான். நான் இழுத்துட்டுப் போனது வெறும் ஒடம்பு."

மேனேஜர் கதவைப் பாதி திறந்து, பக்கவாட்டில் சுவரோடு சுவராக நகர்ந்துபோய்க் காசுப் பெட்டியை எடுத்துவந்தார். அதில் ஆயிரத்து இருநூறுதான் இருந்தது. சட்டைப் பையிலிருந்து இருநூற்று ஐம்பது எடுத்தார். எடிட்டர் தன் பையைத் திறந்து ஐந்நூறு வைத்தாள். சரியாக வந்தது.

"இந்தாங்க" என்று நீட்டினார்.

சாரக்காரர் வாங்கவில்லை.

"சார்... இத நான் வாங்காட்டி?"

"என்ன பெரியவரே?"

"வாங்காட்டி அவ இங்கயே நிப்பாள்ல?"

அறையில் திரையின் வெளிச்சம் மட்டும் நடுங்கியது. அவர் மனசு அதற்குள் கணக்குப் போட்டு முடித்திருந்தது. வாரம் ஒரு நாள் வரலாம். இந்த முக்காலியில் உட்காரலாம். கைதூக்கி நடக்கிறதையும் தூங்குகிறதையும் பார்க்கலாம். நாலாம் நாளில் முதுகையாவது பார்க்கலாம். ஆறு வாரமாக அவர் வீட்டில் ஒரு தட்டு, ஒரு தம்ளர். விளக்கைப் போட ஆள் இல்லாத வீட்டுக்குள் தடவித் தடவிப் போகிறார். இங்கே அவள் இருக்கிறாள். செத்தவளோ, பேயோ, பிசாசோ. இருக்கிறாள்.

எடிட்டருக்குப் புரிந்தது. "நான் எதையும் அழிக்க மாட்டேங்கய்யா" என்றாள் மெதுவாக. "எனக்குப் பயமாத்தான் இருக்கு. ஆனா அழிக்க மாட்டேன். நீங்க எப்ப வேணும்னாலும் வாங்க."

அவர் தலையாட்டினார். காசை ஒதுக்கிவைத்துவிட்டுத் திரைக்குக் கிட்டே முக்காலியை இழுத்துக்கொண்டார்.

வெறும் கூடத்தின் படம் மறுபடி ஓடியது. அவள் நின்றாள். ஒரு நிமிடம். ஒன்றேகால் நிமிடம்.

அப்போது அவள் வலது காலைத் தூக்கி, இடது கெண்டைக்காலில் மெல்லத் தேய்த்தாள். பிறகு எடையை மாற்றிக்கொண்டு, மற்றக் காலைத் தூக்கித் தேய்த்தாள்.

இரவு படுக்கப்போகும்முன் அவள் செய்வதுதான். 'என்ன, வலியா' என்பார். 'இல்ல, சும்மா' என்பாள். சும்மா இல்லை என்று தெரியும். காலை மடியில் எடுத்து வைத்துக்கொள்வார். கல்லுபோல இருக்கும். அரைமணி அமுக்கினால்தான் கொஞ்சம் இளகும்.

ஆறு வாரமாக நிற்கிறாள்.

ஆறு வாரமாக, இரவும் பகலும், ஒரு நிமிடம் உட்காராமல்.

"கால் வலிக்குது அவளுக்கு" என்றார் சாரக்காரர். எழுந்துவிட்டார். "குடுங்க சார். குடுத்துடுங்க."

*

பணம் செலுத்துமிடத்துக்கு முன்னால் எடிட்டர் ஒரு சின்னக் கேமராவைத் தூக்கிப் பிடித்தாள். மேனேஜர் தடுப்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, அரைவட்டத் துவாரம் வழியாகக் காசை நீட்டினார். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. கூடத்துக்குள் மட்டும் கிணற்றுக்குள் இறங்கியதுபோலக் குளிர். சுவரிலிருந்த எறும்புகள் ஒன்றுகூட அசையவில்லை.

சாரக்காரர் இந்த முறையும் அரையடி தள்ளித்தான் நின்றார். காசை வாங்கி விசிறிபோல விரித்துப் பிடித்தார்.

"பதினேழு" என்றார். "மூணு நாள்."

அடுத்தது 'வாங்கிக்கிட்டேன்' என்று சொல்ல வேண்டும். நாக்கு எழவில்லை. அந்த ஒரு வார்த்தையோடு எல்லாம் முடிந்துபோகும் என்று தெரிந்திருந்தது. காசை விரித்த கையைப் பக்கத்தில், காலியாக இருந்த அரையடிக்கு நேராக நீட்டினார்.

"இந்தா" என்றார். "எண்ணிப் பாத்துக்க. அன்னிக்கு நான் அவசரப்பட்டுட்டேன். இன்னிக்கு அவசரமில்ல. மெதுவா எண்ணு."

ஒன்றும் நடக்கவில்லை. கை வலிக்கும்வரை அப்படியே நீட்டிக்கொண்டு நின்றார். பிறகு காசை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"வாங்கிக்கிட்டோம்" என்றார்.

மூன்று பேரும் எக்ஸ்ரே அறைக்குப் போய், பிடுங்கிய வயரைச் செருகி, எடுத்ததைப் போட்டுப் பார்த்தார்கள். சரியாகப் பதிவாகியிருந்தால்தானே ரசீது.

திரையில் சாரக்காரர் கையை நீட்டினார். கையில் விரிந்திருந்த நோட்டுகளில் ஓரத்திலிருந்த ஒன்று தானாக மடங்கியது. அடுத்தது மடங்கியது. அடுத்தது. ஈரக் கட்டைவிரல் தள்ளுவதுபோல, ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல். கடைசி நோட்டுவரை போய்விட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

இரண்டாம் முறை முடிந்ததும் ஒரு குரல். களைத்த குரல். பக்கத்திலிருந்து, அரையடி தூரத்திலிருந்து.

"சரியா இருக்கு."

சாரக்காரர் அதைத் திரும்பப் போடச் சொல்லவில்லை. எடிட்டர்தான் வேறெதையோ தேடி அவசர அவசரமாகப் பொத்தான்களை அழுத்தினாள். ஆறாம் நாள். பிணங்கள் கூடத்தின் நடுவே நேராகப் போயின, சுற்றிப் போக அங்கே யாரும் இல்லை. ஐந்தாம் நாள். இல்லை. நாலாம் நாள். இல்லை.

மூன்றாம் நாள் ஓடியது. குழந்தை தானாக ஓரம் ஒதுங்கி நின்றது.

இரண்டாம் நாள், தூங்கிக் கிடந்த இடத்தில் வெறும் தரை. முதல் நாள், 'யாரது, கைய இறக்கும்மா' என்று டைரக்டரின் குரல் யாருமில்லாத இடத்துக்குக் கத்தியது. நடையில் வந்த பிணங்களை எடிட்டர் விரல்விட்டு எண்ணினாள். இருபத்தொன்பது.

"ஐயா..." என்றாள். அழுதுகொண்டிருந்தாள். "நான் எதையும் தொடல. சத்தியமா நான் எதையும் தொடலங்கய்யா."

"தெரியும்மா" என்றார் சாரக்காரர். "அவ எப்பவும் அப்படித்தான். காசு கைக்கு வந்துட்டா ஒரு நிமிஷம் நிக்கமாட்டா."

எடிட்டரின் தலையில் ஒரு தடவை கை வைத்துவிட்டு வெளியே வந்தார். கூடத்தில் எறும்புகள் மறுபடி ஊர ஆரம்பித்திருந்தன. படியிறங்கினார். சைக்கிளில் ஏறவில்லை, தள்ளிக்கொண்டே நடந்தார். வெயிலில் கண் கூசியது, தண்ணீராகக் கொட்டியது. இத்தனை நாள் அவள் செத்துவிட்டாள் என்பது அவருக்குத் தெரியும். இன்றைக்குத்தான் அது உண்மையாயிற்று.

"பெரியவரே! பெரியவரே, நில்லுங்க!"

மேனேஜர் தலைதெறிக்க ஓடிவந்தார். செருப்புக்கூடப் போடவில்லை. கையில் சம்பள நோட்டு, வாயில் கடித்த பேனா.

"கோடு போடல" என்றார் மூச்சு வாங்க. "வாங்கினவங்க கண்ணு முன்னாடிதான் கோடு போடணும். இல்லேன்னா பாக்கி பாக்கியாவே நிக்கும்."

நோட்டை விரித்தார். பதினேழாம் எண். அதற்கு நேரே, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது.

சாரக்காரர் பார்ப்பதற்காகக் கழுத்தை நீட்டினார். ஆனால் மேனேஜர் நோட்டை அவர் பக்கம் காட்டவில்லை. அவருக்கு இடது பக்கம், அரையடி தள்ளி, சைக்கிளின் பின் இருக்கைக்குச் சற்று மேலே, ஒன்றுமே இல்லாத இடத்துக்கு நேராகத் திருப்பிப் பிடித்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது. கண்ணிமை ஆடவில்லை.

"சரிதானேம்மா?" என்றார் கேட்டும் கேட்காத குரலில்.

கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு தலையை ஒரு தடவை அசைத்துவிட்டு, அந்த எண்ணின் மேல் கோடு போட்டார்.